லெரோயிகா: டஸ்கனியின் வெண்சாலைகளில் ஓர் இலையுதிர்காலச் சைக்கிள் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், கயோலே இன் கியாந்தி என்னும் சிற்றூரிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் பழைய இரும்புச் சைக்கிள்களில் புறப்படுகிறார்கள். லெரோயிகா என்னும் இந்தப் பயணத்தில் நான் இரண்டு முறை பங்கேற்றிருக்கிறேன். முதல் முறை 209 கி.மீ. பாதையில் இறங்கிப் பாதியிலேயே நின்றுவிட்டேன். இரண்டாம் முறை 135 கி.மீ. பாதையை முடித்தேன். அதன் பிறகு நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றுதிரட்டி விடை எழுதியிருக்கிறேன். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேட்பவர்களில் பெரும்பாலோர் தூரத்தைப் பற்றியே கேட்கிறார்கள், ஆனால் அங்கே என்னை வீழ்த்தியது தூரம் அன்று, சாலை.

இது பந்தயமா, உல்லாசப் பயணமா?

பந்தயம் அன்று. நேரப் பட்டியலோ முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசையோ கிடையாது. புறப்படும்போது உங்கள் கையில் ஓர் அட்டை தரப்படும். வழியில் உள்ள சோதனை நிலையங்களில் அதில் முத்திரை பெற்றுக்கொண்டு திரும்பி வந்தால் பயணம் முடிந்ததாகக் கொள்வார்கள். அதற்காக இதை உல்லாசப் பயணம் என்று எண்ணிவிடவும் கூடாது. நீண்ட பாதையில் ஏறவேண்டிய மொத்த உயரம் 3,500 மீட்டரைத் தாண்டும், அந்தப் பாதையில் ஏறத்தாழ பாதி தார் போடாத சாலை.

1997இல் ஜான்கார்லோ புரோச்சி என்பவர் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் 92 பேர். கியாந்தி மலைப்பகுதியிலும் சியேனாவைச் சுற்றியும் இருந்த பழைய சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலைகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சாலைகளுக்கு ஒரு பயனும் ஒரு மதிப்பும் உண்டு என்று காட்டினால் அவற்றைக் காப்பாற்றலாம் என்ற எண்ணமும், கோப்பி, பார்த்தாலி ஆகிய இத்தாலியப் பந்தய வீரர்கள் ஓட்டிய காலத்துச் சைக்கிள் பண்பாட்டின் மீதான ஏக்கமும் சேர்ந்து பிறந்ததே லெரோயிகா. அந்த இத்தாலியச் சொல்லுக்கு 'வீரம் செறிந்தது' என்று பொருள் கொள்ளலாம். தொழில்முறை வீரர்கள் இன்று மார்ச் மாதத்தில் ஓட்டும் 'ஸ்த்ராதே பியாங்கே' பந்தயம் இதன் வயிற்றில் பிறந்த பிள்ளைதான். 2007இல் அதுவும் அக்டோபரில் தொடங்கி, மறு ஆண்டு மார்ச்சுக்கு மாறியது. பொதுவாகப் பந்தயம் முதலில் வரும், பொதுமக்கள் அதைப் பின்பற்றி ஓட்டுவார்கள். இங்கே மக்களின் பயணம் முந்திக்கொண்டது.

ஏன் அக்டோபர்? அப்போது வானிலை எப்படியிருக்கும்?

கியாந்தியில் திராட்சை அறுவடை முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். கொடிகளின் இலைகள் மஞ்சளுக்கும் செம்மைக்கும் மாறத் தொடங்கியிருக்கும். கோடையின் வெப்பம் தணிந்துவிட்டாலும் நவம்பரின் சேறு இன்னும் வந்திருக்காது. நமக்கு அது புரட்டாசி. நம்முடைய ஆறு பருவங்களில் 'இலையுதிர்' என்று தனியாக ஒன்று இல்லை, அந்த வாரத்தை நாம் கார்காலத்தில் வைத்திருக்கிறோம். டஸ்கனியிலும் அது மழை எட்டிப் பார்க்கும் பருவமே என்பதால், மழைச் சட்டை ஒன்றைச் சுருட்டிப் பின்பையில் வைத்துக்கொள்ளாமல் புறப்படக் கூடாது.

குளிரை நம்மவர்கள் பெரும்பாலும் தவறாகக் கணிக்கிறார்கள். விடியலுக்கு முன் 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும், பிற்பகலில் 20 டிகிரியைத் தாண்டும். எண்ணைப் பார்த்தால் ஊட்டிக்குப் போய்வந்தவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் வியர்வையோடு மேட்டின் உச்சிக்கு வந்து, அங்கிருந்து பத்து நிமிடம் மிதிக்காமல் இறங்கும்போது விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்கிறோமா இல்லையா என்பதே தெரியாமல் போகும். பழைய காலத்து வீரர்கள் உச்சியில் ஒரு செய்தித்தாளை வாங்கி மார்புக்கும் சட்டைக்கும் இடையே செருகிக்கொண்டு இறங்குவார்கள். கேலியாக நினைத்துத்தான் நான் அதைச் செய்து பார்த்தேன். நன்றாகவே வேலை செய்கிறது, வெயில் ஏறியதும் எடுத்து மடித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று பகலின் நீளம். அக்டோபர் தொடக்கத்தில் அங்கே சூரியன் ஏறத்தாழ காலை 7.15க்கு எழுந்து மாலை 6.50 வாக்கில் மறைகிறது. நீண்ட பாதையில் செல்பவர்கள் விடியலுக்கு வெகு முன்பே புறப்படுவார்கள், பலர் இருட்டிய பிறகே திரும்புவார்கள். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். இருளில் புரோலியோ கோட்டைக்கு ஏறும் வழியின் இருபுறமும் சிறு விளக்குகளை ஏற்றி வைத்திருப்பார்கள். எங்கள் வீதிகளில் கார்த்திகை தீபத்தன்று வாசல்கள் இருப்பதுபோல் அந்த மேடு இருந்தது. அந்த அரை மணி நேரத்துக்காக நீண்ட பாதையைத் தேர்ந்தவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்தான், அதற்குரிய விலையையும் கொடுத்தேன்.

வெண்சாலை என்று எதைச் சொல்கிறார்கள்? நம் ஊர் மண் சாலையிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

உள்ளூரில் கிடைக்கும் வெளிர்நிறச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பி இறுக்கிய சாலை அது. பண்ணை வீடுகளையும் திராட்சைத் தோட்டங்களையும் இணைப்பதற்காகப் போடப்பட்டது. வெயிலில் கண் கூசும் வெண்மையும், வண்டி போனால் எழும் மாவு போன்ற தூசியும் அதன் அடையாளங்கள். நம் ஏரிக்கரைச் செம்மண் பாதையில் சக்கரம் அழுந்தும். அங்கே அடித்தளம் கெட்டியாக இருக்க, மேலே உதிரிக் கற்கள் உருளும். கெட்டித் தரையில் கடலையைக் கொட்டி அதன்மேல் ஓட்டினால் எப்படியிருக்குமோ, வளைவுகளில் அப்படித்தான் இருக்கும்.

இதைவிடத் தொல்லை தருவது சாலையின் குறுக்கே அலைகள்போல் அமையும் மேடுகளின் வரிசை. துணி துவைக்கும் பலகையைப் போல அடுத்தடுத்து மேடும் பள்ளமுமாக ஒரே சீராக இருக்கும். சக்கரங்கள் ஒரு வேகத்துக்கு மேல் உருளும்போது, சிறு மேட்டில் துள்ளிய சக்கரம் விழும் இடத்தில் கல்லைத் தள்ளிப் பள்ளமாக்கி, முன்னால் இன்னொரு மேட்டை உண்டாக்குகிறது. அடுத்து வரும் ஒவ்வொரு வண்டியும் அதே வேலையைத் தொடர்வதால், யாரும் திட்டமிடாமலேயே இந்த வரிசை அமைந்துவிடுகிறது. கார்கள் விரைவெடுக்கும் இடத்திலும் பிரேக் போடும் இடத்திலும், அதாவது இறக்கத்திலும் வளைவுக்கு முன்னும், இது மிகுதி. துல்லியமாகச் சொன்னால், சைக்கிள்காரருக்கு அது வேண்டாத இடங்களில் மட்டும். சாலையின் நடுவிலும் ஓரத்திலும் கார்ச் சக்கரம் படாத கோடு ஒன்று சில இடங்களில் கிடைக்கும், அதைத் தேடிப் பிடித்து ஓட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் சீட்டிலிருந்து சற்றே எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு முழுவதும் தோளுக்கு ஏறும். என்னுடைய முதல் பயணத்தில் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்கக்கூடக் கையில் வலுவில்லை. காலில் அப்போதும் வலு இருந்தது.

சியேனாவுக்குத் தென்கிழக்கே உள்ள கிரேதே செனேசி பகுதி களிமண் குன்றுகளால் ஆனது. மரங்கள் அரிதாக, அறுவடை முடிந்து உழுத வயல்கள் சாம்பல் நிறத்தில் அலையலையாக நீளும். பார்க்க அவ்வளவு அழகு, மழை பெய்தால் அவ்வளவு கடினம். தூசி முழுவதும் வெண்பசையாகி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே புகுந்து அரைக்கும். ஒரு நாள் மழையில் புதிய பிரேக் கட்டைகள் பாதி தேய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தச் சைக்கிளுக்கு அனுமதி உண்டு?

1987க்கு முன் செய்யப்பட்ட பந்தயச் சைக்கிளாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதைக் கண்ணால் பார்த்தே சோதிக்க வசதியாக மூன்று அடையாளங்கள் உண்டு. கியர் மாற்றும் நெம்புகோல்கள் ஃப்ரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பிகள் ஹேண்டில்பாரின் துணிச்சுற்றுக்குள் மறையாமல் வெளியே வளைந்து செல்ல வேண்டும். பெடல்களில் காலை நுழைக்கும் கூண்டும் தோல்பட்டையும் இருக்க வேண்டும். இவற்றோடு, ரிம் தட்டையாகவும் சக்கரத்தின் ஸ்போக் கம்பிகள் குறைந்தது 32 ஆகவும் இருக்கும்படி பார்ப்பார்கள். பழைய முறையில் புதிதாகச் செய்த இரும்பு ஃப்ரேம்களுக்கும், இந்த அடையாளங்கள் பொருந்தினால், இடம் தருகிறார்கள்.

ஏன் 1987 என்று கேட்பவர்களுக்கு: ஷூவைப் பெடலில் பூட்டிக்கொள்ளும் லுக் நிறுவனத்தின் பெடலும், ஒவ்வொரு கியருக்கும் 'டக்' என்று நின்று மாறும் ஷிமானோவின் முறையும் 1984இல் வந்தவை. அடுத்த சில ஆண்டுகளில் பந்தயச் சைக்கிளின் தோற்றமே மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கு முந்தைய கரையில் கோடு போட்டிருக்கிறார்கள்.

சைக்கிள் இல்லையென்றால் கயோலேயிலும் சுற்றுப்புறத்திலும் பழைய சைக்கிள்களை வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள், பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். வாடகைச் சைக்கிளை வாங்கியவுடன், எந்தக் கைப்பிடி எந்தப் பிரேக்கை இயக்குகிறது என்று சோதித்துப் பாருங்கள். முன் பிரேக் வலக்கையில்தான் இருக்கும் என்று நம் பழக்கத்தில் நம்பி, உதிரிக் கல்லின் மேல் அழுத்திய ஒருவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். அவருடைய முழங்கையில் அந்தப் பாடம் இன்னும் தழும்பாக இருக்கிறது.

நம் ஊர் இரும்புச் சைக்கிளை, அந்தக் காலத்து ஹெர்குலிஸையோ ராலேயையோ, ஓட்ட முடியாதா?

ஆசை புரிகிறது, எனக்கும் வந்தது. கியரே இல்லாத நூறாண்டு பழைய சைக்கிள்களை அங்கே ஓட்டுபவர்கள் உண்டு. 1907ஆம் ஆண்டுப் பெஜோ சைக்கிளில் வந்துகொண்டிருந்த லுச்சியானோ பெருத்தி, 2017இல் காலமாகும்வரை, இந்த நிகழ்வின் முகமாகவே இருந்தார். ஆனால் விதி பந்தயச் சைக்கிள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கம்பி பிரேக் வைத்த நம்முடைய கனத்த சைக்கிள் பால் கேன்களையும் நெல் மூட்டையையும் சுமக்கப் பிறந்தது. ஏறத்தாழ 20 கிலோ எடையும் ஒரே கியருமாக அதை அந்த மேடுகளில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, மிகக் குறுகிய பாதையில் ஓட்டுவதானால் மட்டும் யோசிக்கலாம்.

எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது?

சுமார் 30 கி.மீ. முதல் 209 கி.மீ. வரை பல பாதைகள் உண்டு. இடைப்பட்டவை ஏறத்தாழ 46, 81, 106, 135 கி.மீ. என்று அமைகின்றன. அந்தந்த ஆண்டின் அளவைப் பதிவின்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் 200 கி.மீ. ஓட்டியவர்கள், '135 எனக்கு எளிது' என்று கணக்குப் போடுகிறார்கள். சென்னையிலோ கோவையிலோ 200 கி.மீ. பிரெவே என்னும், நேர வரம்புள்ள நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தை, அதற்கு விதிக்கப்பட்ட பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், பத்து மணி நேரத்திலேயே முடித்தவர் நான். அந்தத் துணிச்சலில்தான் 209ஐத் தேர்ந்தெடுத்தேன். வெண்சாலையில் என் சராசரி வேகம் மணிக்கு 14 கி.மீ. ஆனது. நிறுத்தங்களையும் சேர்த்துக்கொண்டால், புறப்பட்டுப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் கணக்கு வந்தது.

என் கருத்தில், முதல் முறை செல்பவர் 81க்கு மேல் எடுக்க வேண்டாம். கியாந்தியின் காட்டுப் பாதைகளும் நல்ல ஏற்றங்களும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும். உணவு நிலையத்தில் உட்கார்ந்து உண்ண நேரமும் இருக்கும். நீண்ட பாதைக்காரர்கள் அந்த உணவை நின்றபடி விழுங்கிவிட்டு ஓடுவதைப் பார்க்கும்போது, பந்தி முடியும் நேரத்தில் வந்த விருந்தாளிகளின் நினைவுதான் எனக்கு வரும்.

பழைய கியர்களை வைத்துக்கொண்டு ஏற்றங்களை எப்படிச் சமாளிப்பது?

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். அக்காலத்து இத்தாலியச் சைக்கிளில் முன்பக்கச் சிறிய செயின்வீலுக்குப் பெரும்பாலும் 42 பற்கள், பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்துக்கு 26 பற்கள். ஒரு முறை மிதித்தால் வண்டி ஏறத்தாழ 3.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 50 சுற்று என்ற குறைந்த வேகத்தில் மிதித்தாலே மணிக்கு 10 கி.மீ. ஆகிவிடுகிறது. நூறு மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் ஏறும் மேட்டில் அந்த வேகத்தைத் தாங்க, நல்ல பயிற்சி பெற்றவருக்கே சில நிமிடங்கள்தான் முடியும். இன்றைய மலைக் கியரில், முன் 34, பின் 34 என்று வைத்தால், அதே மிதியில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏறிவிடலாம். ஆக, பழைய சைக்கிளில் ஏறுபவருக்கு 'மெதுவாகப் போவது' என்ற வசதியே இல்லை. ஒன்று வேகமாக ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்கித் தள்ள வேண்டும்.

இதற்கு விதிக்குள் நின்றே ஒரு வழி உண்டு. 1970களில் பிரான்சின் ஸ்ட்ராங்லைட், டி.ஏ. போன்ற நிறுவனங்கள் சுற்றுப்பயணச் சைக்கிள்களுக்காகச் செய்த செயின்வீல்களில் 30 பற்கள் அளவுக்குச் சிறியதையும் பொருத்தலாம். அவையும் அந்தக் காலத்தவையே. நிகழ்வுக்கு முந்தைய நாள்களில் கயோலேயில் கூடும் பழைய பொருள் சந்தையில் இத்தகைய பாகங்களைத் தேடி அலைவது தனி இன்பம், ஆனால் முந்தைய நாள் வாங்கிய பாகத்தை மறுநாள் நம்பி ஏறுவது பேதைமை.

அசியானோவுக்கு அப்பால் வரும் மோந்தே சாந்தே மரியே பகுதி இவற்றுள் புகழ்பெற்றது. சுமார் 11.5 கி.மீ. நீளமுள்ள இந்த வெண்சாலையில் சில இடங்களில் சரிவு 18 விழுக்காட்டை எட்டுகிறது. ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தை மூன்று முறை வென்ற ஃபேபியன் கன்செலாராவின் பெயரை அந்தப் பகுதிக்குச் சூட்டியிருக்கிறார்கள். அங்கே இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோல்பட்டையை மட்டும் மேடு தொடங்குமுன்பே தளர்த்திவிடுங்கள். முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால், காலை எடுக்க வழியில்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழுவீர்கள், பின்னால் வருபவரும் உங்கள் மேல் விழுவார்.

குழுவாக ஓட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலாவதாக, அங்கே சாலையின் வலப்பக்கம் செல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு, களைப்பு ஏறிய பின், ஆளில்லாத சந்திப்பில் திரும்பும்போது பழைய பழக்கம் தலைதூக்கும். சாலைகள் போக்குவரத்துக்கு மூடப்படுவதில்லை. திராட்சை ஏற்றிய டிராக்டரும் எதிரே வரும்.

தார்ச்சாலையில் முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்துக்கு ஒட்டி, காற்றை மறைத்துக்கொண்டு ஓட்டுவது நல்ல உத்தி. வெண்சாலையில் அதே உத்தி ஆபத்தாகிவிடும், ஏனெனில் முன்னவரின் தூசியில் உங்களுக்குப் பள்ளம் தெரியாது, அவர் கல்லைத் தவிர்க்க விலகினால் உங்களுக்கு விலக நேரம் இருக்காது. இறக்கத்தில் குறைந்தது பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விடுங்கள். போகும் கோட்டைத் திடீரென்று மாற்றாதீர்கள். முந்துபவர் இடப்பக்கமாக முந்துவார். 'சினிஸ்த்ரா' என்று கத்தினால் இடம், 'தெஸ்த்ரா' என்றால் வலம், 'பூகா' என்றால் பள்ளம், 'மாக்கினா' என்றால் கார். இந்த நான்கு சொற்களைக் காது அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

நண்பர்களாகச் செல்பவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் ஏறுவது, உச்சியிலோ அடுத்த முத்திரை நிலையத்திலோ காத்திருப்பது. நாங்கள் நால்வர் சென்றபோது 'ஒன்றாகவே போவோம்' என்று உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுத்தோம். மெதுவாக ஏறுபவருக்குக் குற்ற உணர்வும், வேகமாக ஏறுபவருக்குக் குளிரும் மிஞ்சின. மறு முறை ஒவ்வொரு உச்சியிலும் பத்து நிமிடம் மட்டும் காத்திருப்பது என்று வைத்துக்கொண்டோம், நட்பும் மிஞ்சியது.

வழியில் உணவு கிடைக்குமா? சைவம் உண்பவர் என்ன செய்வார்?

சாலைக்கு அடுத்தபடியாக மக்கள் இங்கே வருவது உணவுக்காகத்தான் என்று துணிந்து சொல்வேன். ஊர்த் தெருக்களில் நீண்ட மேசைகளைப் போட்டு ஊர்க்காரர்களே பரிமாறுவார்கள். ஜெல் பொட்டலத்தையும் சத்துக் கட்டியையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பாலாடைக் கட்டி, பதப்படுத்திய பன்றி இறைச்சி, தேன், பழப்பாகு பூசிய மாப்பண்டம், திராட்சை ஆகியவை இருக்கும். ரொட்டியைச் சிவப்பு வைனில் நனைத்து மேலே சர்க்கரை தூவித் தருவதும் உண்டு.

புரட்டாசி விரதக்காரர்களுக்கு ஏற்றது ரிபொல்லீத்தா. முதல்நாள் ரொட்டியையும் வெள்ளை பீன்ஸையும் கருங்கீரையையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, மறுநாள் மீண்டும் கொதிக்கவைக்கும் கெட்டிச் சூப் அது. சுண்டக்குழம்பின் சுவையறிந்த நாக்குக்கு அந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. சிலர் சுவைக்காக இறைச்சித் துண்டு சேர்ப்பார்கள், ஆதலால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டஸ்கனியின் ரொட்டியில் உப்புப் போடும் வழக்கம் இல்லை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று வளர்ந்த நமக்கு முதல் கடியிலேயே முகம் சுளிக்கும், ஆனால் உப்புக் கரிக்கும் பாலாடைக் கட்டியோடு சேர்த்து உண்ணவே அப்படிச் செய்கிறார்கள் என்பது பிறகு புரியும். வியர்வையில் இழந்த உப்பை அந்த ரொட்டி திருப்பித் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். நான் சிறு பொட்டலத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்து எடுத்துச் சென்றேன். வைனைப் பொறுத்தவரை, இத்தாலியில் மது அருந்தி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. சட்டத்தை விட்டாலும், அரைக் கோப்பை வைனுக்குப் பிறகு வரும் இறக்கம் உங்களை மன்னிக்காது.

பஞ்சரானால் யார் உதவுவார்கள்?

பெரும்பாலும் நீங்களேதான். பழைய பந்தயச் சைக்கிள்கள் பலவற்றில் டியூப்பையே உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசையால் ஒட்டும் டயர்கள் இருக்கும். அது பஞ்சரானால் முழு டயரையும் உரித்துவிட்டு வேறொன்றை ஒட்ட வேண்டும். அந்தக் காலத்து வீரர்கள் உதிரி டயரைத் தோள்களில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஓட்டிய படங்களைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். சாதாரண டயரும் டியூப்பும் பொருந்தும் ரிம் உள்ள சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதே நலம். ஃப்ரேமும் பிரேக்கும் இடம் தரும் அளவுக்கு அகலமான டயரைப் போட்டு, காற்றைத் தார்ச்சாலைக்கு வைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். இரண்டு டியூப், ஒட்டும் சாமான், பம்பு, சில ஸ்பேனர்கள், புதிய பிரேக் கட்டைகள் ஆகியவற்றைச் சீட்டுக்கடியில் தோல்பையில் கட்டிக்கொள்ளலாம். பிரேக் கட்டையும் கம்பியும் பழையனவாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இறுகிப்போன முப்பதாண்டுக் கட்டையோடு இறங்குவது வீரம் ஆகாது. அதிர்வில் தண்ணீர்ப் புட்டி தெறித்து விழுவதும், திருகுகள் கழலுவதும் அன்றாடக் காட்சி. ஒவ்வொரு நிலையத்திலும் ஹேண்டில்பார், சீட், செயின்வீல் திருகுகளை ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு எவ்வாறு பயிற்சி செய்வது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனை நூறு கி.மீ. ஓட்டினாலும் இதற்குப் போதாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை, ஏற்காடு, கோத்தகிரி ஆகியவை ஏற்றத்துக்குப் பழக்கும். கை, தோள், முதுகு ஆகியவற்றைப் பழக்க ஏரிக்கரையும், ஜல்லி கொட்டிய வேலை முடியாத சாலையும் வேண்டும். அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு மணி நேரம் அத்தகைய சாலையில், கூண்டுப் பெடலும் தோல்பட்டையும் மாட்டிய சைக்கிளில் ஓட்டுங்கள். ஓடும்போதே குனிந்து கீழ்க்குழாயில் கியர் மாற்றுவதற்கு ஒரு கையை எடுத்தாக வேண்டும் என்பதால், மேடு தொடங்குமுன்பே மாற்றிவிடும் பழக்கம் வரவேண்டும். குளிருக்கு மட்டும் இங்கே பயிற்சி இல்லை, நான்கு நாள் முன்னதாகப் போய் அதிகாலையில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

உடை, தலைக்கவசம் பற்றி விதி உண்டா?

கம்பளி நூல் பனியன் போன்ற அக்காலத்துச் சட்டையை அல்லது அதன் சாயலில் தைத்ததை அணிய வேண்டும். ஈரமானாலும் கம்பளி குளிரைத் தாங்கும். தலைக்கவசத்தில் மட்டும் பழைமை பார்க்காதீர்கள். தோல்பட்டைகளைப் பின்னிய அக்காலக் கவசம் படத்துக்கு அழகு, மண்டைக்குப் பாதுகாப்பு ஆகாது.

பதிவு, மருத்துவச் சான்று, பயண ஏற்பாடுகள்?

இடங்கள் வரையறுக்கப்பட்டவை, பல மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கி முடிந்துவிடும். ஷெங்கன் விசாவுக்கும் நேரம் வேண்டும். இத்தகைய நிகழ்வுகளுக்கு இத்தாலியில் மருத்துவச் சான்று கேட்பது வழக்கம். அமைப்பாளர்கள் தரும் படிவத்தையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கையொப்பம் பெறுங்கள், வேறு தாளில் எழுதி வாங்கிப் போனால் அங்கே நின்று விளக்க வேண்டிவரும். கயோலேக்கு ரயில் இல்லை. ஃபிளாரன்ஸ் அல்லது பீசாவில் இறங்கி, சியேனா அல்லது மோந்தேவார்க்கி வரை வந்து, அங்கிருந்து சாலை வழியாகச் செல்ல வேண்டும். ஊர் சிறியது, அந்த வாரத்தில் தங்குமிடம் கிடைப்பது அரிது.

பாதியில் நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது, அவமானமும் இல்லை. நான் அசியானோவில் நின்றேன். மாலை வெயில் சாய்ந்திருந்தது, கைகள் மரத்திருந்தன, எதிரே மோந்தே சாந்தே மரியே இருந்தது, என் விளக்கின் மின்கலம் விடியலிலேயே பாதி தீர்ந்திருந்தது. நிலையத்தில் இருந்த பெரியவர் என் அட்டையில் முத்திரை குத்திவிட்டு, சூப்பை நீட்டி, நாற்காலியைக் காட்டினார். எழுந்திருக்க மனம் வரவில்லை. மற்ற மூவரையும் அனுப்பிவிட்டு வண்டி பிடித்துத் திரும்பினேன். நிறுத்துவதானால் ஓர் ஊரில், உணவு நிலையத்தில், வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே இருட்டில் நின்றால் உதவி வந்து சேர நெடுநேரம் ஆகும். தொலைபேசியில் மின்னேற்றம் இருக்கட்டும்.

நிகழ்வு நாளன்றி மற்ற நாள்களில் இந்தப் பாதையில் ஓட்டலாமா?

தாராளமாக. நீண்ட பாதை முழுவதிலும் பழுப்பு நிற வழிகாட்டிப் பலகைகள் நிரந்தரமாக நடப்பட்டுள்ளன. பதிவு வேண்டாம், பழைய சைக்கிளும் வேண்டாம், இன்றைய அகல டயர்ச் சைக்கிளிலேயே, மூன்று நான்கு நாள்களாகப் பிரித்து, பண்ணை வீடுகளில் தங்கி ஓட்டலாம். கோடை நடுவில் நிழலற்ற கிரேதே பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். உணவு மேசைகள் இருக்காது என்பதால் தண்ணீரைக் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். நான் விட்டுவந்த பகுதியை அதே வாரம் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் ஓட்டினேன். பேருந்தில் அசியானோ வந்து, காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, மோந்தே சாந்தே மரியேயில் இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளி, காஸ்தெல்னுவோவோ பெரார்தெங்கா வழியாக இருட்டுவதற்குள் கயோலே சேர்ந்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒரு தபால்காரரும் இரண்டு நாய்களும்தான்.